ஆவி ஏறிய பகரம்

கொழிஞ்சாம்பாறைக் கடைத்தெருவில் தமிழ் பேசும் ஒருவர் அடுத்தவரைச் சுட்டி ‘அவன் பாவி’ என்றால் அது வசை. அதே கடைவாசலில் மலையாளம் பேசும் ஒருவர் ‘அவன் பாவமா’ என்றால் அது நற்சான்று. சூதுவாது அறியாதவன், யாருக்கும் தீங்கு நினையாதவன், கொஞ்சம் ஏமாளி என்று அதற்குப் பொருள். இரு கூற்றிலும் சொல் ஒன்றே, வேரும் ஒன்றே. ஒரே வேரிலிருந்து ஒரு கிளை வசையாகவும் மற்றொரு கிளை வாஞ்சையாகவும் எப்படிப் பிரிந்தது என்பதைத்தான், சொல்லில் சுவை காணும் உங்களோடு சேர்ந்து கொஞ்சம் நிதானமாகப் பிரித்துப் பார்க்க ஆசைப்படுகிறேன்.

இதற்கு எல்லைநிலம்தான் ஏற்ற இடம். பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாயிலில் கொழிஞ்சாம்பாறையும் சித்தூரும். ஆனைமலையைத் தாண்டித் தெற்கே சென்றால் மூணாறு, மறையூர், தேவிகுளம், பீர்மேடு என்று இடுக்கி மலைநாடு. ஒன்றையொன்று தொடாத இவ்விரு நிலங்களுக்கும் பொதுவானது, வீட்டுக்குள் தமிழும் அலுவலகத்தில் மலையாளமுமாக ஓடும் வாழ்க்கை. 1956ஆம் ஆண்டின் மாநிலச் சீரமைப்பில் இரண்டும் கேரளத்துக்குள் அமைந்தன. இங்கே வாழும் தமிழ்க் கிறித்தவர்களுக்கு வழிபாட்டிலும் இரட்டைச் செவி வாய்த்திருக்கிறது. 1911இல் நேர்ந்தளிக்கப்பட்ட மூணாறு கிறிஸ்து ஆலயத்தில் தமிழ், மலையாளம், ஆங்கிலம் என மூன்று மொழிகளிலும் வழிபாடு உண்டு. கோவை மறைமாவட்டத்தோடு நெடுங்காலம் இணைந்திருந்த கொழிஞ்சாம்பாறைப் பகுதிக் கத்தோலிக்கத் தமிழர்கள், 2013இல் உருவான சுல்தான்பேட்டை மறைமாவட்டத்துக்குள் வந்தார்கள். தமிழ் வழிபாட்டில் ‘பாவி’ என்று மார்பில் அறைந்துகொள்பவரே, அடுத்த வீட்டு மலையாளியின் வாயால் ‘பாவம்’ என்ற பாராட்டையும் பெறுகிறார்.

மலையாளத்தார் இச்சொல்லை இரண்டாக வகுத்துக்கொண்டார்கள். செய்த குற்றத்துக்குப் பெயர் ‘பாபம்’. நம் எழுத்தில் இப்படித்தான் எழுத முடிகிறது, ஆனால் நடுப்பகரத்தை நாம் ‘கோபம்’ என்பதில் போல மெலிக்காமல் ‘கப்பல்’ என்பதன் பகரத்தில் பாதி அழுத்தம் தந்து ஒலிக்கவேண்டும். இரங்கத்தக்கவனுக்குப் பெயர் ‘பாவம்’. ஏழைகள் ‘பாவங்ஙள்’, வறியவர் ‘பாவப்பெட்டவர்’. விக்தர் ஹியூகோவின் பெருநாவலை நாலப்பாட்டு நாராயண மேனோன் 1925இல் ‘பாவங்ஙள்’ என்ற பெயரில்தான் மலையாளத்துக்குக் கொண்டுவந்தார். அதே கதையைச் சுத்தானந்த பாரதியார் தமிழாக்கியபோது ‘ஏழை படும் பாடு’ என்றார். மலையாளத் தலைப்பை அப்படியே எடுத்திருந்தால் தமிழ் வாசகன் அதை ஏதோ ஒழுக்கநூல் என்று எண்ணி அப்பால் நகர்ந்திருப்பான். இன்னொன்று இதைவிட வேடிக்கை. இடுக்கியின் அமராவதியில், குடியிறக்கப்பட்ட உழவர்களுக்காக 1961இல் உண்ணாநோன்பிருந்த ஏ.கே. கோபாலனைக் கேரளம் ‘பாவங்ஙளுடெ படத்தலவன்’ என்று போற்றுகிறது. ஏழைகளின் படைத்தலைவன் என்பது அதன் பொருள். தமிழ் மட்டும் தெரிந்த காதில் அது எப்படி விழும் என்பதை உங்கள் கற்பனைக்கே விட்டுவிடுகிறேன்.

வேருக்கு வருவோம். வடமொழியின் ‘பாப’ என்பது பாகதத்தில் ‘பாவ’ என்று நெகிழ்ந்தது. இரண்டு உயிர்களுக்கு நடுவே சிக்கிய பகரம் இதழ் ஒட்டும் வலிமையை இழந்து வகரமாக வழுக்குவது அம்மொழிகளின் பழக்கம். நெகிழ்ந்த வடிவமே தமிழுக்கு வந்து தற்பவமாய் நிலைத்தது. வட எழுத்தை நீக்கித் தமிழ் எழுத்தோடு பொருந்தி வருவதையே வடசொல்லாக ஏற்ற தொல்காப்பியருக்கு இதில் மறுப்பு இருந்திராது. மலையாளமோ பழைய தற்பவத்தையும் கைவிடவில்லை, பின்னர் வடமொழிப் புலமை பெருகியபோது ‘பாப’த்தின் மூல வடிவையும் ஏற்றுக்கொண்டது. இரண்டு வடிவங்கள் கையில் இருந்ததால் இரண்டு பொருளையும் பங்கிட்டுக் கொடுக்க அதற்கு இயன்றது. தமிழிலோ ஒரே வடிவம்தான், ஆகவே ஒரே சொல் இரண்டு சுமையையும் தூக்கிற்று. ‘பாவம் செய்தான்’ என்பதிலும் ‘ஐயோ பாவம்’ என்பதிலும் நாம் சொல்லை மாற்றுவதில்லை, குரலை மாற்றுகிறோம்.

குற்றத்தின் பெயர் இரக்கத்தின் பெயராகும் வழி கடினமானதன்று. துன்புறுபவனைக் கண்டால் ‘என்ன பாவம் செய்தானோ’ என்று வாய் முணுமுணுக்கும். அதில் கேள்வி உதிர்ந்துபோய்ப் பெயர் மட்டும் நின்றால் ‘பாவம்’. பட்ட துன்பத்துக்குக் காரணம் தேடிய சொல், காரணத்தை மறந்து துன்பத்தோடு தங்கிவிட்டது என்று கொள்வதே பொருத்தமாகத் தோன்றுகிறது. வசைச்சொல்லான ‘பாவி’கூடத் தாயின் வாயில் ‘பாவிப்பயலே’ என்று வரும்போது பாதி கொஞ்சலாகிவிடுகிறது அல்லவா?

இதே எழுத்துகளில் வேறொரு வேரும் ஒளிந்திருக்கிறது. வடமொழி ‘bha’வின் ஒலிப்புடைய இன்னொரு சொல், மனக்கருத்து, மெய்ப்பாடு என்னும் பொருளில் வந்து, அதுவும் நம் எழுத்தில் ‘பாவம்’ ஆயிற்று. பரதக் கலைஞர் முகத்தில் காட்டுவது அது. அதன் வினையே ‘பாவித்தல்’: ஒன்றை ஒன்றாகக் கருதுதல். ஈழத்தில் இவ்வினை ‘பயன்படுத்துதல்’ என்ற பொருளுக்கே போய்விட்டது, அங்கே சவர்க்காரத்தையும் பாவிப்பார்கள். பவுல் அடிகள் உரோமையருக்கு எழுதிய மடலின் நடுக்கருத்தை இந்த ஓரெழுத்துச் சிக்கலை வைத்தே சொல்லிவிடலாம்: பாவியை நீதிமானாகப் பாவிக்கிறார் கடவுள். முன்னது ஒரு வேர், பின்னது இன்னொரு வேர். ஒலியில் ஒன்றாகிவிட்ட இரண்டும் ஒரு வாக்கியத்தில் எதிரெதிராக நிற்கும் அழகைத் தரங்கம்பாடியின் லூத்தரன் போதகர்கள் யாரேனும் கண்டு மகிழ்ந்தார்களோ என்னவோ, நான் மகிழ்ந்தேன்.

‘பாவி’ என்ற பெயர் கிறித்தவத்தோடு தமிழுக்கு வந்ததன்று. வள்ளுவரே அதை இரண்டு இடங்களில் ஆண்டிருக்கிறார், இரண்டு இடத்திலும் அது மனிதனைச் சுட்டவில்லை. அழுக்காறாமையில் பொறாமைக்குப் பாவி என்று பெயர், நல்குரவில் வறுமைக்குப் பாவி என்று பெயர். செல்வத்தைக் கெடுத்துத் தீக்குழியில் தள்ளுவது முன்னது, இம்மை மறுமை இரண்டையும் பறிப்பது பின்னது. பண்பை ஆளாக்கி அழைப்பது எப்படிப் பொருந்தும் என்ற ஐயம் பரிமேலழகருக்கே எழுந்து, கொடியவனைப் பாவி என்னும் உலக வழக்கைக் காட்டி அமைதி சொல்கிறார். எனக்கோ அந்த ஐயம் எழுந்த இடமே சுவையானது. பொறாமை கொண்டவனைப் பாவி என்று வள்ளுவர் சொல்லவில்லை. அவனுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டு அவனையே அழிக்கும் ஒன்றைத்தான் பாவி என்கிறார்.

இதைப் பிடித்துக்கொண்டு உரோமையர் மடலின் ஏழாம் இயலுக்குப் போனால் வழி தெளிவாகத் தெரிகிறது. விரும்பும் நன்மையைச் செய்யாமல் விரும்பாத தீமையையே மீண்டும் மீண்டும் செய்துகொண்டிருப்பதைப் பவுல் அங்கே புலம்பித் தீர்க்கிறார். பிறகு, இதைச் செய்வது நானில்லை, எனக்குள் தங்கியிருக்கும் பாவமே என்கிறார். பாவம் அங்கே செயலின் பெயராக இல்லை, உள்ளே அமர்ந்த ஓர் ஆளின் பெயராக இருக்கிறது. வள்ளுவரின் ‘பாவி’தான் அது. விட்டேன் என்று ஞாயிறன்று சொல்லிவிட்டு வியாழனன்று விழுந்துகிடப்பவனை இந்த இயலுக்கு வெளியே யாரும் இவ்வளவு அணுக்கமாகப் புரிந்துகொண்டதில்லை. அவன் குற்றவாளிதான், இரங்கத்தக்கவனும்தான். மலையாளத்தில் அவனைப் ‘பாபி’ என்பதா ‘பாவம்’ என்பதா என்று முடிவுசெய்தாக வேண்டும். தமிழில் அந்த நெருக்கடி இல்லை. வகுத்துக்கொள்ளாத மொழி ஏழைமொழி என்று சிலர் நினைப்பதுண்டு. இந்த ஒரு சொல்லைப் பொறுத்தவரை, வகுக்காமல் விட்டதே நம் செல்வம் என்பேன்.

தனித்தமிழ் அன்பர்கள் இங்கே என்னைக் கண்டிக்கக்கூடும். தீவினை இருக்கிறதே, அறங்கடை இருக்கிறதே, பாவாணர் வழியினர் எடுத்தாளும் ‘கரிசு’ இருக்கிறதே என்பார்கள். மூன்றும் நல்ல சொற்கள்தாம். ஆனால் ‘வினை’ என்றதும் முற்பிறப்பும் இருவினையொப்பும் கூடவே வந்து நிற்கும், ஒரே பிறவியைப் பேசும் சமயத்துக்கு அது தைக்காத சட்டை. ‘கரிசு’க்கு வீட்டில் புழக்கமில்லை. ‘ஐயோ கரிசு’ என்று இரங்க யாருக்கும் வராது. வேர் கடனாக இருந்தாலும் இரக்கப்பொருள் இம்மண்ணில் விளைந்தது, ஆகவே இந்தக் கடனை வட்டியோடு கட்டிமுடித்துவிட்டோம் என்று நான் கணக்கெழுதிவிடுகிறேன்.

பாவம் உள்ளே தங்கியிருப்பதைச் சொல்ல, 1995இல் வந்த விவிலியப் பொது மொழிபெயர்ப்பு ‘குடிகொள்’ என்ற வினையை எடுத்தது. இது பொன்னான தேர்வு. கிரேக்க மூலத்தில் பாவம் மனிதனுக்குள் இருப்பதற்கும், அடுத்த இயலில் கடவுளின் ஆவி மனிதனுக்குள் இருப்பதற்கும் பவுல் ஒரே வினையைத்தான் ஆள்கிறார். வீடு என்னும் பெயரடியாகப் பிறந்த வினை அது. நம் ‘குடி’யும் வீட்டைச் சொல்வதுதான்: குடியிருப்பு, குடித்தனம், குடிமகன், குடிசை. இடுக்கி மலையில் முதுவர்களின் ஊர்களுக்கே ‘குடி’ என்று பெயர். கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியாக 2010இல் அமைந்த இடமலக்குடியின் பெயரில் அது இன்றும் உயிரோடு இருக்கிறது. ஆனால் சித்தூர்ப் பக்கம் வந்து ‘குடி’ என்றால் முதலில் நினைவுக்கு வருவது வேறு. கேரளத்துக் கள்ளுக்கடைகளுக்குப் பெரும்பங்கு தென்னங்கள் இறக்கி அனுப்பும் வட்டம் அது. பருகுதலைக் குறிக்கும் ‘குடி’யும் வாழ்தலைக் குறிக்கும் ‘குடி’யும் ஒலியில் ஒன்றாகிப்போனதால் ‘குடியால் குடி கெட்டது’ என்ற பேச்சு நமக்கு எளிதாக வாய்க்கிறது. திரும்பத் திரும்ப வரும் பாவத்துக்கு எல்லையோரச் சபைகளில் மேடையேறும் முதல் எடுத்துக்காட்டு பெரும்பாலும் இந்தக் குடியே. குடிகொண்டிருப்பது குடிதான் என்று சொல்லும்போது சொல்லும் பொருளும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன.

பாவத்துக்கும் ஆவிக்கும் நடக்கும் இந்தப் போரில் உடம்புக்கும் ஒரு பெயர் வேண்டியிருந்தது. பழைய சீர்திருத்தச் சபை வேதாகமத்தில் அது ‘மாம்சம்’. ‘மாம்சத்துக்குரியவன்’ என்றால் ஆவிக்குரியவனுக்கு எதிர்ப்பதம் என்பது தேயிலைத் தோட்டத்து லயங்களில் வளர்ந்த ஞாயிறுபள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். மலையாள வேதபுத்தகத்தில் அவ்விடத்தில் ‘ஜடம்’ நிற்கிறது. மலையாளத்தில் ஜடம் என்றால் பிணம் என்றும் பொருள், தமிழிலோ உணர்ச்சியற்று நிற்பவனை ‘ஜடம்’ என்று திட்டுவோம். ஒன்று இறைச்சிக்கடையை நினைவூட்டுகிறது, மற்றொன்று இடுகாட்டை. இரண்டிலும் பழி உடம்பின் தலையில் விழுகிறது. பவுலோ அதே உடம்பை ஆவி தங்கும் கோவில் என்று கொரிந்தியருக்கு எழுதியவர். ஊனுடம்பை ஆலயமாகக் கண்ட திருமூலர் பிறந்த மொழியில் அந்த உடம்பைத் தள்ளிவிடவும் மனம் வராது. அதனால்தானோ என்னவோ, பொது மொழிபெயர்ப்பினர் ‘ஊனியல்பு’ என்று ஒரு சொல்லைப் புனைந்தார்கள். குற்றம் ஊனில் இல்லை, அது பழகிக்கொண்ட இயல்பில் இருக்கிறது என்று ஐந்தெழுத்துகள் சேர்ந்து வாதிடுகின்றன. உடம்புக்கு ‘மெய்’ என்றே பெயரிட்டு, உண்மைக்கும் அதே பெயரைத் தந்த மொழிக்குத் தகுந்த தொகைச்சொல் அது.

இனி ஆவி. இது கடன் இல்லாத சொத்து. தெலுங்கில் ஆவிரி, கன்னடத்திலும் மலையாளத்திலும் ஆவி, எல்லாம் நீராவியே. வாயைத் திறந்து மூச்சை வெளிவிடுவது தமிழில் ‘ஆவித்தல்’, கொட்டாவியின் வாலில் ஒட்டியிருப்பதும் அதுதான். சொல்லிப் பாருங்கள்: ‘ஆ’ என்று வாய் திறக்கிறது, ‘வி’ என்று காற்று இதழோரம் உரசி வெளியேறுகிறது. சொல் தன் பொருளைத் தானே செய்துகாட்டுகிறது. மூச்சிலிருந்து உயிர், உயிரிலிருந்து ஆன்மா, நீரிலிருந்து வெப்பம், அகிலிலிருந்து நறும்புகை என்று அது பொருளில் விரிந்தபோதும் ஒன்றிலிருந்து எழுந்து கண்ணுக்குத் தெரியாமல் பரவுவது என்ற கருத்தை எங்கும் இழக்கவில்லை. மறையூருக்குக் கிழக்கே மலையின் மறுபக்கம் பழனி. மயிலுக்குப் போர்வை ஈந்த பேகன் ஆவியர் குடியில் வந்தவன், திருவாவினன்குடி என்ற பெயரை அக்குடியோடு இணைத்துப் பார்க்கும் அறிஞர் உண்டு. அங்கே ‘ஆவி’யும் ‘குடி’யும் ஒரே ஊர்ப்பெயரில் குடியேறியிருக்கின்றன. ஆனால் அது குலப்பெயர், மூச்சின் பெயரோடு அதற்கு உறவு காட்ட நான் துணியமாட்டேன்.

இலக்கணக்காரர் ஆவியை இன்னோர் இடத்தில் வைத்தார்கள். உயிரெழுத்துக்கு நன்னூலார் ஆளும் மற்றொரு பெயர் ஆவி. மெய் தானாக ஒலிக்காது. ஆவி வந்து ஏறினால்தான் அது வாய்விட்டு ஒலிக்கும். இந்தக் கண்ணோடு ‘பாவி’ என்ற சொல்லைப் பாருங்கள். பகரமெய்யின்மேல் ஆவி ஏறியிருக்கிறது. ப் + ஆவி. வேரில் இரண்டுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை, ஒன்று வடபுலத்து வரவு, மற்றொன்று வீட்டுப்பிள்ளை. சொற்பிறப்புக் கூறுவோர் இப்படிப்பட்ட ஒலியொப்புமையில் வழுக்கி விழுவதே வழக்கம் என்பதால் இதைச் சான்றாக வைக்கவில்லை, வெறும் சுவையாகத்தான் வைக்கிறேன். ஆனாலும் மெய்யைத் துரத்திவிட்டு ஆவி தனியே வாழ்வது நம் இலக்கணத்தின் விருப்பமன்று, இரண்டும் கூடிய உயிர்மெய்யே எழுத்துகளில் மிகுதி என்பதையும் சேர்த்து எண்ணிக்கொள்ளுங்கள்.

கிறித்தவம் வந்தபோது ஆவிக்கு உடனே இடம் கிடைக்கவில்லை. 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ பதினாறு பக்கச் சிறுநூல். இந்தியாவில் தமிழ் எழுத்துகளால் அச்சிடப்பட்ட அந்நூலை ஆக்கிய என்றிக்கே என்றிக்கசின் காலத்துப் போர்ச்சுக்கீசியர், நுட்பமான சமயச் சொற்களை மொழிபெயர்க்க அஞ்சி அப்படியே விட்டார்கள். ‘இஸ்பிரீத்து சாந்து’ என்று முதிய கத்தோலிக்கப் பாட்டிமார் சிலுவை வரைந்துகொண்டது அந்த அச்சத்தின் எச்சமே. சீர்திருத்தச் சபையார் ‘பரிசுத்த ஆவி’ என்றார்கள், பின்பு பொது மொழிபெயர்ப்பில் ‘தூய ஆவி’ ஆயிற்று. மலையாளிகள் ‘பரிசுத்தாத்மாவு’ என்பார்கள். சிரிய மரபினர் நாவில் பழைய ‘ரூஹா’வும் இன்னும் இருக்கிறது. ரூஹாவும் கிரேக்கத்தின் புநெவ்மாவும் இலத்தீனின் ஸ்பிரித்துஸும் காற்றையும் மூச்சையும் சுட்டிய சொற்களே. ஆத்மாவின் அடியிலும் மூச்சே இருக்கிறது என்பர். எல்லா மொழியும் ஒரே மூச்சைத்தான் பிடித்திருக்கிறது.

அந்த இலத்தீன் சொல்லுக்கு எல்லையில் ஒரு தம்பி உண்டு. வாளையாறு, சித்தூர்ச் சோதனைச்சாவடிகளில் கலால் துறையினர் லாரியை நிறுத்தித் தேடும் சரக்குக்கு அங்கே பெயர் ‘ஸ்பிரிட்’. கள்ளில் கலப்பதற்குத் திருட்டுத்தனமாக வருவது. மலையாளச் செய்தித்தாளில் ‘ஸ்பிரிட் வேட்ட’ என்ற தலைப்பைக் கண்டு, கோவிலுக்குள் இஸ்பிரீத்துவைத் தொழுதவரின் பேரன் ஒரு கணம் திகைக்கலாம். போர்ச்சுக்கீசியர் வழியாக மேல்மாடிக்கு ஏறிய சொல்லே ஆங்கிலர் வழியாகச் சாராயக்கடைக்கு இறங்கியிருக்கிறது. இந்தக் குழப்பம் புதிதுமன்று. பெந்தெகொஸ்தே நாளில் ஆவி இறங்கிய சீடர்களைப் பார்த்து எருசலேமில் சிலர், குடித்திருக்கிறார்கள் என்றுதான் ஏளனம் செய்தார்கள். எபேசியருக்கு எழுதும்போது பவுலும் மது வெறியையும் ஆவியின் நிறைவையும் அடுத்தடுத்தே வைக்கிறார், ஒன்றின் இடத்தை மற்றொன்றே நிரப்பமுடியும் என்பதுபோல.

ஆவிக்கும் மதுவுக்கும் உள்ள இந்த நெருக்கத்தை மறையூர்ப் பக்கத்துப் புல்தைலக் கொட்டகையில் கண்ணாலேயே பார்க்கலாம். பெரிய கலத்தின் அடியில் நீர், மேலே அறுத்த புல் அடைத்து மூடி, கீழே தீ. நீர் கொதித்து ஆவி புல்லுக்குள் புகுந்து அதன் மணத்தைத் தூக்கிக்கொண்டு குழாய்க்குள் போகிறது. குழாய் குளிர்நீருக்குள் இறங்கும்போது ஆவி மறுபடி நீராகி, மஞ்சள் நிறத் தைலம் மேலே தனியாக மிதக்கிறது. மலையாளத்தில் இதற்கு ‘வாற்று’ என்று பெயர். கள்ளச் சாராயம் இறக்குவதற்கும் அதே வாற்றுதான். தீயும் கலமும் குழாயும் ஆவியும் இரண்டிலும் ஒன்றே, உள்ளே அடைத்தது மட்டும் வேறு. மலைக்குளிரில் சளி பிடித்தால் இதே தைலத்தில் இரண்டு சொட்டை வெந்நீரில் விட்டு, போர்வைக்குள் தலையை நுழைத்து ஆவி பிடிப்பார்கள். ‘ஆவி பிடித்தான்’ என்றால் மருத்துவம். ‘ஆவி பிடித்தது’ என்றால் பேய். யார் எழுவாய் என்பதில் இருக்கிறது எல்லாம்.

பேய்க்கும் இதே பெயர் இருப்பதால் சபையார்க்கு ஒரு சங்கடம். மேலும் உயிர், உடம்பு, ஆவி யாவும் அஃறிணை முடிபு கொள்பவை, ‘ஆவி வந்தது’ என்றுதான் இயல்பாக வரும். கடவுளை ‘வந்தது’ என்பதா? தமிழ்ச் சபைகள் ஒட்டு ஒன்றைச் சேர்த்துத் தப்பித்தன. பெந்தெகொஸ்தே மேடைகளில் ‘ஆவியானவர்’, கத்தோலிக்கரிடம் ‘தூய ஆவியார்’. சிரியத்தில் பெண்பாலாகவும் கிரேக்கத்தில் அலிப்பாலாகவும் இலத்தீனில் ஆண்பாலாகவும் இருந்த ஒன்று, தமிழில் பால் எதையும் சுட்டாமல் மரியாதையை மட்டும் சுட்டி நின்றது. இலக்கணத்தின் இந்த நயத்தகு தீர்வுக்கு நான் எப்போதும் தலைவணங்குவேன்.

ஆவியால் வாழ்வதைப் பவுல் நடை என்கிறார். ஆவிக்கேற்ப நடக்கச் சொல்கிறார் கலாத்தியருக்கு. நமக்கு இதில் விளக்கம் தேவைப்படாது, நடத்தையும் நடக்கையும் நடையிலிருந்து பிறந்தவையே. ஊனியல்பின் செயல்களைப் பன்மையில் அடுக்கியவர் ஆவியின் கனியை ஒருமையில் நிறுத்துகிறார். பட்டியலில் கடைசியாக வருவது பழைய வேதாகமத்தில் ‘இச்சையடக்கம்’, புதியதில் ‘தன்னடக்கம்’. காய் கனிவதற்குக் காலம் வேண்டும் என்பதால் கனிவுக்கும் அதே வேர். முறுக்கிப் பறித்துப் பழுக்கவைத்ததைத் தமிழர் கனி என்று சொல்லத் தயங்குவார்கள்.

நடப்பவன் வழி தவறினால்? சபைவழக்கில் அது ‘பின்மாற்றம்’. மலையாளத்தில் இச்சொல் பின்வாங்குதல் என்ற பொருளில் பொதுவாகவே வழங்குகிறது, தேர்தலில் வேட்பாளர்கூடப் பின்மாறுவார். தமிழில் அது சபைக்குள் மட்டும் புழங்கி, விழுந்தவனைச் சுட்டும் விரலாகிவிட்டது. ‘பின்மாற்றக்காரன்’ என்று முத்திரை விழுந்துவிட்டால் கழுவுவது கடினம், இச்சொல்லை எனக்குப் பிடிக்கவில்லை. மீள்வதற்கான சொல்லில் இரு மொழியும் அழகாக வேறுபடுகின்றன. மலையாளத்தில் ‘மானசாந்தரம்’, மனம் வேறொன்றாதல். அது ஒருமுறை நிகழ்ந்து முடிவது போன்ற தோற்றம் தருகிறது. தமிழில் ‘மனந்திரும்புதல்’. போடிமெட்டு மலைப்பாதையில் ஏறும் பேருந்து எத்தனை முறை திரும்புகிறதோ அத்தனை முறையும் மேலேதான் ஏறுகிறது. மனமும் அப்படித் திரும்பலாம். வீடு திரும்புதல் என்ற வழக்கும் அதற்குள் இருக்கிறது. பாவத்தை வாயால் ஒப்புக்கொள்வதற்கு மலையாளக் கத்தோலிக்கர் ‘கும்பசாரம்’ என்பர். அது போர்ச்சுக்கீசியரின் ‘கொன்பெசார்’, ஆனால் தமிழ்க் காதுக்குள் நுழையும்போது கும்பிடுபவனின் உருவத்தைப் போட்டுக்கொண்டு வருகிறது. நம்மவர் ‘பாவசங்கீர்த்தனம்’ என்று நெடிதாக ஓதி, இப்போது ‘ஒப்புரவு’ என்று சுருக்கிக்கொண்டார்கள். வள்ளுவரின் ஒப்புரவு ஊருக்கு உதவி வாழ்தல், திருச்சபையின் ஒப்புரவு முறிந்த உறவு பொருந்துதல். ஒத்துப்போதல் என்ற அடிப்பொருள் இரண்டையும் தாங்குகிறது.

மன்னிப்புக்கு இரு மொழிக்கும் வேறுவேறு சொற்கள் பல. மலையாளத்தில் பாபமோசனம், தமிழில் பாவமன்னிப்பு. ஆனால் அடியில் ஒரு சொல் மட்டும் பிரியாமல் கிடக்கிறது: பொறு. பாரத்தைத் தாங்குவது பொறுத்தல், பிழையைத் தாங்குவதும் பொறுத்தல், வள்ளுவர் ‘பொறையுடைமை’ என்று ஓர் அதிகாரமே வைத்தார். பழைய செபங்களில் கத்தோலிக்கத் தமிழர் ‘பொறுத்தருளும்’ என்பார்கள், மலையாளிகள் ‘பொறுக்கணே’ என்பார்கள். தமிழில் இதற்கு மூன்றாவதாக ஒரு பொருளும் உண்டு: காத்திரு. மூணாறு பேருந்து நிலையத்தில் வண்டி கிளம்புமுன் ஓடிவருபவரைப் பார்த்து ஒருவர் ‘பொறுங்க, ஆள் வருது’ என்று நடத்துனரிடம் சொன்னால், அதில் மன்னிப்பும் இல்லை சுமையும் இல்லை, நேரம் மட்டும்தான் இருக்கிறது. இம்மூன்றில் எது முதலில் பிறந்தது என்று கேட்டால், சுமையே என்று நான் சொல்வேன். ‘பொறை’ என்னும் பெயர் பாரத்தையும் பொறுமையையும் ஒருங்கே சுட்டிக்கொண்டு இன்றுவரை அதற்குச் சான்று சொல்கிறது.